மாமனார் பேரில் விழுந்த மொய்

அனார்கான் என் ஓரகத்தி. அவள் புருஷன் குபாத் மூத்தவர், நிலக்கரி லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளைவிட மலைப்பாதையில் இருக்கிற நாள்தான் அதிகம். என் புருஷன் எர்மெக் இளையவர். ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடு. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்ததால் சொல்கிறேன், அவள் லேசில் பிடித்துப்போகிற ஆள் இல்லை. எனக்கே பல தடவை பிடிக்காமல் போயிருக்கிறது.

ஒரு கல்யாண விருந்தில் நடந்ததைச் சொன்னால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் விருந்துக் கறியில் யாருக்கு எந்த எலும்பு என்று முறை உண்டு. அன்றைக்குப் பரிமாறின பையன் தெரியாமல் பெரிய சம்பந்திக்கு உரிய தொடை எலும்பை அனார்கான் தட்டில் வைத்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் பேசாமல் தின்றுவிட்டு வாயைத் துடைத்திருப்பார்கள். இவள் எழுந்து நின்று, "இது எனக்கில்லை" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லித் திருப்பி வைத்தாள். பரிமாறினவனுக்கு அவமானம், வீட்டுக்காரருக்கு அவமானம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அவமானம். அவள் மட்டும் தன் பங்குக்கு வந்த விலா எலும்பை நிம்மதியாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சோவியத்து ஆட்சி போன பிறகு சம்பளம் வராத காலத்தில், தலைநகரிலிருந்து காலுறை மூட்டை சுமந்து வந்து சந்தையில் விற்றாள். அப்புறம் பிரசவ ஆஸ்பத்திரியில் கணக்கராகச் சேர்ந்தாள், இன்றைக்கும் அங்கேதான். அந்த வேலையால்தான் வினை வந்தது.

எங்கள் ஊர் நகர சபைக்குத் தனி ஆளாக நிற்க முடியாது. கட்சி தன் ஆட்களை வரிசையாக எழுதிக் கொடுக்கும், ஜனங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள். என் புருஷன் அந்த வரிசையில் நாலாவது ஆள். கட்சியின் தேர்தல் நிதியைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது, தப்பு நடந்தால் தலை மட்டும் போகும். யாரும் வரவில்லை. எர்மெக் போய் அண்ணியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார், அவளும் சரி என்றாள். அந்தத் தேர்தலில் என் புருஷன் தோற்றுப்போனார். இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் காத்துக்கொண்டு படிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு கட்சிக்கு ஒரு ஆள் இவ்வளவுதான் பணம் தரலாம் என்று சட்டம் ஒரு எல்லை போட்டிருக்கிறது. அன்றைக்கு அது ஒரு நல்ல குதிரை விலை. அதற்கு மேல் வந்தால், குறித்த கெடுவுக்குள் கொடுத்தவருக்கே திருப்ப வேண்டும். கெடு தாண்டியும் கணக்கில் கிடந்தால், யாராவது ஒரு புகார் எழுதினால் போதும், கட்சியின் மொத்த வரிசையையும் தேர்தலிலிருந்தே அடித்துவிடுவார்கள். பணக்காரன் ஒருத்தன் ஊரையே விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதினவருக்கு என் மாமனாரைத் தெரியாது.

கடைசி மகன் வீட்டில்தான் பெற்றவர் இருப்பது வழக்கம் என்பதால் மாமனார் எங்களோடு இருந்தார். மகன் தேர்தலில் நிற்கிறான் என்றதும் அவருக்கு இளமை திரும்பிவிட்டது. வெள்ளைக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு பங்காளி வீடுகள் நாற்பதும் ஏறி இறங்கினார். கல்யாணத்துக்கு மொய் சேர்ப்பது போலத்தான். பென்ஷன்காரர்கள் பென்ஷனில் கொடுத்தார்கள். காசு இல்லாதவர்கள் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுக் கொடுத்தார்கள். ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிற பிள்ளைகள் அனுப்பினார்கள். எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் குதிரை விலை ஆயிற்று. அதை மேல்துண்டில் முடிந்துகொண்டு வங்கிக்குப் போய், அடையாளத்துக்குத் தன் பாஸ்போர்ட்டைக் காட்டி, மொத்தத்தையும் தன் பேரில் கட்டிவிட்டு வந்தார். குல மொய் வேறு யார் பேரில் விழும்? மூத்தவர் பேரில்தானே விழும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வங்கிப் பெண்ணுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, அவளும் இந்த ஊர்க்காரிதானே.

மறுநாள் அனார்கான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எர்மெக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பணம் வந்திருக்கு," என்று தொகையைச் சொன்னாள்.

"அடேங்கப்பா! அப்பான்னா அப்பாதான்!" எர்மெக் துள்ளிக் குதித்தார். "நாளைக்கே சுவரொட்டி அடிக்கக் குடுத்துரலாம் அண்ணி."

"ஒரு சுவரொட்டியும் கிடையாது. திருப்பணும்."

"என்னது?"

"ஒருத்தர் பேர்ல இவ்வளவு வரக் கூடாது தம்பி. வரிசையவே அடிச்சிருவாங்க."

"ஒருத்தர் எங்க குடுத்தாரு? நாப்பது வீட்டுப் பணம் அது! நாப்பது பேரையும் எழுதிக்குங்க, பிரிச்சா ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம்தான வரும். பொய்கூடக் கிடையாது!"

"வங்கியில போய் நின்னது ஒருத்தர். பாஸ்போர்ட் காட்டுனது ஒருத்தர். அந்த நாப்பதுல பாதிப் பணம் ரஷ்யாக்காரப் பசங்களோடது, அவங்க எல்லாம் அந்த ஊருப் பாஸ்போர்ட் வாங்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரன் ஒரு சோம் காசுகூடக் குடுக்கக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம தெருவுல பொறந்து மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பய வெளிநாட்டுக்காரனா? ஏன்க்கா, உனக்கு வயித்தெரிச்சல்னா நேரா சொல்லேன். உம் புருஷன் லாரி ஓட்டுறாரு, எம் புருஷன் சபையில போய் உக்காந்துருவாருன்னு உனக்கு..."

நான் முடிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரியவர் இருந்த அறைப்பக்கம் நடந்தாள். நானும் பின்னாடியே போனேன், அவள் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான்.

மாமனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, மொய்ய எப்பத் திருப்பிக் குடுப்பாங்க, தெரியுமா?"

"தெரியும் மாமா."

"கல்யாணம் முறிஞ்சா குடுப்பாங்க. பொண்ணு ஓடிப்போனா குடுப்பாங்க. இந்த வீட்டுல என்ன முறிஞ்சு போச்சு? யாரு ஓடிப்போனா? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாப்பது வாசல்ல போயி நிக்கிறது?"

"நீங்க வங்கிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும் மாமா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"வர மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான்."

அவள் கிண்ணத்தில் டீ ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கீழே வைத்தாள். கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, இத்தனை வருஷம் அவர் பென்ஷனை வாங்கி மருந்தும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அவள் ஊற்றின டீயை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கெடு நெருங்கியது. கட்டினவர் கையிலோ அவர் சொந்தக் கணக்கிலோதான் பணம் போகலாம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விடும். ஆடு விற்ற பணம், பென்ஷன் பணம், எல்லாம் ஒரே வாயில் போய்விடும். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பெரியவர் பென்ஷன் ஒரு வங்கி அட்டையில் விழும். ஆஸ்பத்திரி வங்கிக்கு எதிரே என்பதால் அந்த அட்டையும் ரகசிய எண்ணும் அவளிடம்தான் இருந்தன. கட்சிக் கணக்கிலிருந்து அந்த அட்டைக்கு முழுப் பணத்தையும் மாற்றினாள். கெடுவுக்குள் வேலை முடிந்தது. அட்டையை எடுத்து வந்து பெரியவர் முன் வைத்தாள்.

"பணம் இதுல வந்திருச்சு மாமா. இனி இது உங்க கையிலயே இருக்கட்டும்."

அவர் அதைப் புறங்கையால் தள்ளினார். அது கம்பளத்தில் சறுக்கிப்போய் அடுப்போரம் விழுந்தது. "எடுத்துட்டுப் போ. இது என் கையில படாது."

பணம் உள்ள அட்டையை அடுப்போரம் விட்டுவிட்டுப் போக முடியுமா? எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரே முற்றத்தில் இருப்பவர்கள்தானே, கோபம் தணிந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு வருஷத் திவசம். ஊரே கூடியிருந்தது. எதிர்க்கட்சி ஆள் ஒருத்தன் கறித்தட்டு வருவதற்குள் மாமனாரைச் சீண்டினான். "என்ன பெரியவரே, உங்க மொய்ய மருமக திருப்பிக் குடுத்துட்டாளாமே? வீட்டுக்குள்ள மரியாதை அவ்வளவுதானா?"

மாமனாருக்கு மானம் போய்விட்டது. "எவன்டா சொன்னது? எம் பணத்த யாரும் திருப்பிக் குடுக்கல! நான் வாங்கவும் இல்ல! எம் பணம் எம் புள்ளைகிட்டதான் இருக்கு!" என்று மார்பைத் தட்டினார்.

மகனுக்குத் துணையாக நின்றதாகத்தான் அவர் நினைப்பு. எதிரில் இருந்தவன் கையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கறி வேகிறதற்குள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. மறுநாள் தேர்தல் ஆணையத்துக்குப் புகார் போனது. எல்லைக்கு மேல் பணம் வாங்கினார்கள், திருப்பியதாகப் பொய்க் கணக்குக் காட்டுகிறார்கள், பணம் மாறின அட்டை, மாசாமாசம் ஊரே பார்க்கப் பென்ஷன் எடுக்கிற பொறுப்பாளரின் பையிலேயே இருக்கிறது, கொடுத்தவரோ வாங்கவில்லை என்கிறார். கட்சி வரிசையை அடிப்பதோடு நிற்கக் கூடாது, அனார்கானைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எதிர் வீட்டுக்கு ஓடினேன். அவள் நூடுல்ஸ் மாவை வெட்டிக்கொண்டிருந்தாள். நூலாக வெட்டுகிறவள் விரல் தடிமனுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள தூக்கிப் போட்டுருவாங்கன்னு சொல்றாங்க."

"தெரியும்."

"பயமா இல்லையா உனக்கு?"

கத்தியைக் கீழே வைத்தாள். "ரொம்பப் பயமா இருக்கு ராஹத். வங்கியில பணம் போனதுக்குத் தாள் இருக்கு. ஆனா அட்டை எம் பையில இருக்கே. நானே எனக்குக் குடுத்துக்கிட்ட மாதிரிதான் தெரியும். அவரு ஒரு வார்த்தை வந்திருச்சுன்னு சொன்னாத்தான் நான் பொழைச்சேன்."

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நேராக மாமனாரிடம் போய், வாய்க்கு வந்தபடி சண்டை போட்டேன். "சொல்லிருங்க மாமா, வந்திருச்சுன்னு சொல்லிருங்க!"

"நான் வாங்காதத வாங்கினேன்னு பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை கையில் படாத பணம் வராத பணம். எர்மெக் கெஞ்சினார். மலையிலிருந்து குபாத் போனில் கத்தினார். மனிதர் அசையவில்லை.

விசாரணை கலாச்சார மன்றத்தின் பின்னறையில் நடந்தது. நிலக்கரி அடுப்பு புகைந்தது, உட்கார இடமில்லாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஆணையத் தலைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். எதிர்க்கட்சியின் வக்கீல் தலாந்த், இதே ஊர்ப் பையன், தலைநகரில் படித்துவிட்டு வந்தவன். மாமனார் முதல் வரிசையில், தடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். சும்மா நிற்கிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தலாந்த் எழுந்தான். "அட்டை இப்ப எங்க இருக்கு அக்கா?"

அனார்கான் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அறை முழுக்கச் சலசலப்பு.

"நல்லது. ரகசிய எண் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"பெரியவருக்கு?"

"அவருக்கு ஞாபகம் இருக்காது."

"அப்போ பணம் உங்க பையில, சாவியும் உங்ககிட்ட. இதுதான் திருப்பிக் குடுக்கிற லட்சணமா? சரி, இது யாரோட அட்டை?"

"என் மாமனாரோடது."

"அவருக்குப் பேரு இருக்குமே?"

யாரோ சிரித்தார்கள். தலாந்துக்கு எல்லாம் தெரியும். எங்களில் மருமகள் மாமனார் பேரைச் சொல்லவே மாட்டாள். அந்தப் பேர் போல ஒலிக்கிற சாதாரண வார்த்தைக்குக்கூட வேறு வார்த்தை போட்டுத்தான் பேசுவோம். அவன் அம்மாவும் அப்படித்தான் பேசுகிறாள். கூட்டத்துக்கு முன்னால் அவள் வாய் ஒட்டிக்கொள்ளும், மூடி மறைக்கிறாள் என்று ஆகிவிடும் என்பது அவன் கணக்கு.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்று அனார்கான் தலைவியைக் கேட்டாள்.

தலைவியும் ஒரு வீட்டு மருமகள்தான். மேஜை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த கேமராவைச் சங்கடத்தோடு காட்டினார். "பதிவு ஆகுதும்மா. யாருக்குத் திருப்பினீங்கன்னு வாயால சொல்லித்தான் ஆகணும்."

அனார்கான் தலைத்துணியை இழுத்து நெற்றிவரை மூடிக்கொண்டாள். பிறகு அவர் பேரையும், அவருடைய அப்பா பேரையும், வம்சத்தின் பேரையும் சேர்த்து, முழுசாக, தெளிவாக, சுவரோரம் நின்றவர்கள் வரைக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். "இந்த அட்டை அவரோடது. பணம் அவருக்குத்தான் போச்சு. அதுல ஒரு சோம் நான் தொட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மனிதர் இனி இவளைச் செத்தாலும் மன்னிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா," என்றார் தலைவி, "பணம் உங்களுக்குத் திரும்ப வந்துச்சா, இல்லையா?"

மாமனார் தடியை ஊன்றி எழுந்தார். தலைவியைப் பார்க்கவில்லை. அனார்கானைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு புள்ள."

"எதை மாமா?"

"அந்தப் பேரை."

அவள் சொன்னாள். இந்தத் தடவையும் முழுசாகவே.

"எங்க அண்ணன் போனப்புறம் அதை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லி நான் கேக்கவே இல்ல," என்றார். "தாத்தாங்கிறான், பெரியவரேங்கிறான். பேர் வெச்சவங்க, கூப்பிட்டவங்க எல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டாங்க." தலாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், அவன் உட்கார்ந்துவிட்டான். தலைவி பக்கம் திரும்பினார். "வந்திருச்சும்மா. எம் பேருக்கு வந்தா எனக்கு வந்த மாதிரிதான். எழுதிக்க."

காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டையை எடுத்துக் கோட்டு உள்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டார். வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார். மாமனார் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று அனார்கானைத் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பது வாசல் ஏறி இறங்கணும்," என்றார். "தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு புள்ள. நீயும் கூட வா."